ஆங்கிலத்தில் ‘சூப்பர் பிளேயர்’, ‘சூப்பர் பொருள்’ என்று சொல்ல எந்த வார்த்தை எங்கே பொருந்தும்?

எல்லைக்கோடு கேட்டது:

ஒரு விளையாட்டு இணையதளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேட்ச் ரிப்போர்ட், வீரர்களைப் பற்றிய சின்னக் குறிப்புகள், நடுநடுவே பேட், ஷூ, ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றுக்கு விமர்சனம். எழுதியதைத் திரும்பப் படித்தால் கிரேட், எக்ஸலென்ட், சூப்பர்ப், ஃபென்டாஸ்டிக் என்று நாலே வார்த்தைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஓரளவு நன்றாக ஆடுகிறவருக்கும் அதே நாலுதான், உலகத்திலேயே முதல் இடத்தில் இருப்பவருக்கும் அதே நாலுதான்.

சரி என்று ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் கொட்டுகிறது: டாப் நாட்ச், ஃபர்ஸ்ட் ரேட், டாப் டிராயர், புளூ சிப், வேர்ல்டு கிளாஸ், எலைட், ஏஸ், ஸ்டெல்லர், மார்க்கீ, பிரீமியம், ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட். எல்லாவற்றுக்கும் ‘மிகச் சிறந்த’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. அதை வைத்து ‘ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் ஸ்ட்ரைக்கர்’ என்று ஒரு வரியும், ‘பிரீமியம் ஓப்பனிங் பேட்டர்’ என்று ஒரு வரியும் எழுதினேன். எடிட்டர் இரண்டையும் அடித்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் எது ஆளுக்கு, எது பொருளுக்கு? எது பெரிய பாராட்டு, எது சின்னப் பாராட்டு? யாராவது வரிசைப்படுத்திக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

சிவப்புப்பேனா எழுதியது:

விளையாட்டுப் பக்கத்துக்கு வரும் காப்பியை, அதாவது அச்சுக்குப் போகும் எழுத்தை, திருத்துவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. உங்கள் எடிட்டர் காரணம் சொல்லாததில் ஆச்சரியமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு எவரும் காரணம் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

முதலில், வரிசை கேட்காதீர்கள். இவை ஒரே ஏணியின் படிகள் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு தொழிலில், வெவ்வேறு பொருளைத் தரம் பிரிக்க வைத்த முத்திரை. அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் எது எங்கே உட்காரும் என்பது பாதி விளங்கிவிடும்.

ஃபர்ஸ்ட் ரேட் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. பாய்மரப் போர்க்கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கைப்படி ஆறு ரேட்டாகப் பிரித்திருந்தார்கள். 100 பீரங்கியும் அதற்கு மேலும் இருந்தால் ஃபர்ஸ்ட் ரேட். 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் ஏறி நின்ற விக்டரி 104 பீரங்கிக் கப்பல். வேடிக்கை என்னவென்றால், அதே போரில் அதற்குப் பின்னாலேயே போய் வீரமாகச் சண்டையிட்ட டெமரேர் 98 பீரங்கி கொண்டது. ஆகவே முறைப்படி அது செகண்ட் ரேட். அன்றைக்கு அது வசவே இல்லை. மூன்று தளம் கொண்ட ராட்சசக் கப்பல் அது. இன்றைக்கு ஒரு ஆட்டக்காரரை செகண்ட் ரேட் என்று எழுதிப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ் வராவிட்டாலும் கெட்ட வார்த்தை மெயில் வரும். ஃபர்ஸ்ட் ரேட்டை ஆளுக்கும் போடலாம், பொருளுக்கும் போடலாம். கொஞ்சம் பழைய, நிதானமான தொனி. இருபது வயதுப் பையனின் ரீல்ஸுக்குக் கீழே பொருந்தாது, ஐந்து நாள் டெஸ்ட் கட்டுரையில் பொருந்தும்.

நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ஏ ஒன்னும் கப்பல் சரக்குதான். லாய்ட்ஸ் ரிஜிஸ்டர் என்ற கப்பல் தரப் பதிவேட்டில் கப்பலின் உடலுக்கு எழுத்தில் தரம், நங்கூரம், சங்கிலி முதலிய சாமான்களுக்கு எண்ணில் தரம். இரண்டிலும் உச்சம் என்றால் ஏ ஒன். ‘ஏ ஒன் கண்டிஷன்’ என்பது இன்னும் பொருளோடு ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆட்டக்காரருக்கு வேண்டாம்.

டாப் டிராயர் என்பது அலமாரியின் மேல் இழுப்பறை. நல்ல துணிமணி, நகை வைக்கிற இடம். பிரிட்டனில் ஒரு காலத்தில் மேட்டுக்குடியைச் சொல்ல இந்தச் சொல் ஓடியது. இன்றைக்கு வர்ணனையில் ஒரு ஆட்டத்துக்கோ ஒரு ஷாட்டுக்கோ சொல்வதுதான் அதிகம். ‘அந்த கவர் டிரைவ் டாப் டிராயர்’ என்றால் காதுக்குப் பழகியது. ‘டாப் டிராயர் வாஷிங் மெஷின்’ என்றால் மெஷினில் மேலே ஒரு இழுப்பறை இருக்கிறதோ என்று தேடுவார்கள்.

புளூ சிப் சூதாட்ட மேஜையிலிருந்து பங்குச் சந்தைக்குப் போனது. போக்கரில் நீல வில்லைக்கு மதிப்பு அதிகம். ஆகவே அதில் ‘விலை உயர்ந்தது’ என்பதோடு ‘போட்ட பணம் முழுகாது’ என்கிற நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் வலை வீசும் பள்ளி வீரர்களை புளூ சிப் என்பார்கள். அங்கே அது பொருத்தம், ஏனென்றால் அது முதலீடு. கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்தவரை அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டு வரிகள்.

ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் என்றால் ஒரு துறையின் நுட்பம் இன்றைய தேதியில் எட்டியிருக்கும் எல்லை. கருவிக்கு, கட்டடத்துக்கு, ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லலாம். ஸ்டேடியத்துக்குச் சொல்லலாம். ஸ்ட்ரைக்கருக்குச் சொன்னால் அவரை ஆய்வுக்கூடத்தில் செய்து எடுத்துவந்தது போல இருக்கும். இன்னொன்று, அந்தச் சொல்லுக்கு ஆயுசு கம்மி. இந்த வருஷம் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் ஆக இருக்கும் வாட்ச் மூன்று வருஷம் கழித்து மேஜை டிராயரில் கிடக்கும். ஆட்டக்காரரின் பெருமை அப்படி மாடல் மாற்றத்தால் போவதில்லை.

பிரீமியம் என்பது அடிப்படையில் ‘கூடுதலாகக் கொடுக்கும் தொகை’. எனவே அது விலை போட்டு விற்கும் பொருளோடு போகும். நீங்கள் தேடியது பிரீமியர். ‘அணியின் பிரீமியர் ஃபாஸ்ட் பவுலர்’ என்றால் அந்த அணியில் அந்த வேலைக்கு முதல் ஆள் என்று பொருள். ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஃபேன்டஸி லீக் ஆடுகிறவர்கள் ‘பிரீமியம் பிளேயர்’ என்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் விலை ஒட்டியிருக்கிறது, அதனால் சரி.

அப்புறம் வேர்ல்டு கிளாஸ். இதைத்தான் எல்லோரும் பாழாக்கி வைத்திருக்கிறோம். இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன், ஓய்வு பெற்ற வருஷம், தன்னிடம் ஆடியவர்களில் வேர்ல்டு கிளாஸ் என்று நான்கு பேரைத்தான் சொன்னார்: கான்டோனா, கிக்ஸ், ஸ்கோல்ஸ், கிறிஸ்டியானோ ரொனால்டோ. அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பெக்காம் இல்லை, ரூனி இல்லை, ராய் கீன் இல்லை. அவர் கணக்கு சரியா தப்பா என்று பல நாள் சண்டை போடலாம், அது வேறு. ஆனால் அந்தச் சொல்லை அவர் எண்ணிச் செலவழித்தார். நமக்கு வரும் காப்பியில் ஒரு வாரத்துக்கே பத்து வேர்ல்டு கிளாஸ் வருகிறது. நான் வைத்திருக்கும் சோதனை: உலகத்தில் எந்த அணிக்குப் போனாலும் இவர் ஆடும் பதினொன்றில் நேராக இடம் பிடிப்பாரா? ஆம் என்று யோசிக்காமல் சொல்ல முடிந்தால் விடுவேன். யோசித்தால் அடிப்பேன்.

இந்தச் சொல் தேய்ந்து போனதால்தான் பிரிட்டிஷ் கால்பந்துப் பேச்சில் ‘டாப், டாப் பிளேயர்’ என்று இரட்டிப்பாக வந்தது. ஒரு டாப் போதவில்லை, இரண்டு போட்டார்கள். சிலர் மூன்றும் போடுகிறார்கள். டிவியில் பேசும்போது சரி, எழுத்தில் வேண்டாம்.

டாப் நாட்ச், சூப்பர்ப், ஸ்டெல்லர் எல்லாம் எங்கேயும் ஒட்டும். அதனால் எதையும் சொல்வதில்லை. ஸ்டெல்லர் மட்டும் ஒரு ஆட்டத்துக்கோ ஒரு சீசனுக்கோ போட்டால் கொஞ்சம் அழகு.

சும்மாவந்தேன் எழுதியது:

எல்லாவற்றுக்கும் ‘கோட்’ போட்டுவிட்டுப் போங்கள். ஆட்டு எமோஜி ஒன்று. வேலை முடிந்தது.

எல்லைக்கோடு எழுதியது:

சிவப்புப்பேனா சார், பிரீமியர் – பிரீமியம் விஷயம் ஒன்றே போதும், இத்தனை நாள் குழப்பம் தீர்ந்தது. மேலே நண்பர் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. கோட், எலைட், எம்விபி, கிளட்ச், இந்த அமெரிக்கச் சொற்களை கிரிக்கெட், கால்பந்துக் கட்டுரையில் எழுதலாமா?

ஒன்பதாம்இன்னிங்ஸ் எழுதியது:

பேஸ்பாலும் கூடைப்பந்தும் பைத்தியமாகப் பார்க்கிறவன் என்ற முறையில் இதற்கு நான் வருகிறேன்.

கோட் என்பது ‘எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். முகமது அலி தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொண்டவர். அவர் மனைவி 1992இல் அந்த எழுத்துகளிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்குள் இந்தப் பொருள் நுழைந்தது 2018இல்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்க விளையாட்டில் ‘கோட்’ என்ற சொல் இருந்தது, நேர் எதிர்ப் பொருளில்! தோல்விக்குப் பலியாடாக நிறுத்தப்படுகிறவர்தான் அப்போது கோட். 1986 வேர்ல்டு சீரிஸ் என்ற பேஸ்பால் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் வீரர் பில் பக்னரின் கால்களுக்கு இடையே பந்து உருண்டு போனது. பாஸ்டன் தோற்றது. பல வருஷம் பாவம் அந்த மனிதர்தான் கோட். ஆகவே பழைய அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது கவனம். யாரையோ கோட் என்று எழுதியிருந்தால் பாராட்டு என்று நினைத்து நம் கட்டுரையில் எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

எம்விபி பற்றி ஒன்று. அது ‘சிறந்தவர்’ இல்லை, ‘அணிக்கு அதிக மதிப்புள்ளவர்’. இந்த இரண்டும் ஒன்றா என்று அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் சண்டை நடக்கும். 1969இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஃபைனலில் லேக்கர்ஸ் அணி பாஸ்டனிடம் தோற்றது, ஆனால் ஃபைனல் எம்விபி லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்கு. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். கொடுக்கப்பட்ட விருது என்றால் எம்விபி என்று எழுதுங்கள். வெறும் பாராட்டாக எழுதாதீர்கள்.

கிளட்ச் என்பது ஆளின் தரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கிறது. ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும் கடைசி நிமிடங்களில் கை நடுங்காமல் முடித்துக் கொடுப்பவர். முதல் ஓவரிலிருந்து அடித்து நொறுக்கி 180 எடுத்தவர் பிரமாதமானவர், ஆனால் அது கிளட்ச் இல்லை. கடைசி 2 பந்தில் 7 வேண்டியபோது எடுத்துக் கொடுத்தவர் கிளட்ச். கிரிக்கெட்டில் ‘ஃபினிஷர்’ என்ற சொல் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது, எனவே அதையே எழுதலாம்.

ஏஸ் எனக்குப் பிடித்த சொல். சீட்டுக்கட்டின் ஏஸ் முதல் உலகப் போரில் விமானிகளுக்குப் போனது. ஐந்து எதிரி விமானத்தை வீழ்த்தினால் ஏஸ். பேஸ்பாலில் அணியின் முதல் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், ஏஸ். டென்னிஸில் எதிராளியின் ராக்கெட்டில் படாமலே போகும் சர்வ் ஏஸ். ஒரே சொல், ஒரு இடத்தில் ஆள், இன்னொரு இடத்தில் அடி. டென்னிஸ் கட்டுரையில் ‘டென்னிஸ் ஏஸ்’ என்று வீரரை எழுதினால் தப்பில்லை. ஆனால் அடுத்த வரியிலேயே ‘14 ஏஸ் அடித்தார்’ என்று வரும்போது இடிக்கும். தலைப்பில் இடம் போதாதபோது செய்தித்தாள்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த சொல் அது, அவ்வளவுதான்.

ஃபிரான்சைஸ் பிளேயர்: இவரைச் சுற்றித்தான் அணியையே கட்டுவோம் என்று நிர்வாகம் முடிவு செய்த ஆள். மார்க்கீ: அமெரிக்காவில் தியேட்டர் வாசலில் படத்தின் பெயர் போடும் விளக்குப் பலகை. அங்கே பெயர் போட்டால் கூட்டம் வரும். ஆகவே மார்க்கீ பிளேயர் டிக்கெட் விற்றுத் தருகிறவர். சிறந்தவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஐபிஎல் ஏலத்தில் மார்க்கீ செட் என்று முதலில் கூப்பிடுகிறார்களே, அதுவும் இந்த அர்த்தத்தில்தான்.

‘ஜெனரேஷனல் டேலண்ட்’ என்பதைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்று அர்த்தம். வருஷத்துக்கு நாலு பேரை அப்படிச் சொன்னால் தலைமுறைக்கு எத்தனை மாதம்?

கௌரவமான ஒரு தொடர் வேண்டுமென்றால் ‘ஃபர்ஸ்ட் பேலட் ஹால் ஆஃப் ஃபேமர்’. தலைசிறந்த வீரர்களின் கௌரவப் பட்டியலான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு விளையாட்டு எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், 75 சதவீதம் வேண்டும். முதல் தடவையிலேயே தாண்டிவிட்டால் ஃபர்ஸ்ட் பேலட். 1936இல் நடந்த முதல் தேர்தலில் பேப் ரூத்துக்கே எல்லா ஓட்டும் விழவில்லை. ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் உள்ளே போன முதல் ஆள் மரியானோ ரிவேரா, 2019இல். ஆனால் இந்தத் தொடர் பேஸ்பால் தெரிந்தவருக்குத்தான் சுவைக்கும்.

சிவப்புப்பேனா எழுதியது:

அருமை. எலைட்டை விட்டுவிட்டீர்கள். அதற்கு ‘தேர்ந்தெடுக்கப்பட்டோர்’ என்றுதான் மூலப் பொருள். எனவே கூட்டமாகச் சொல்லும்போது நன்றாக இருக்கும். ஐசிசி 2002இல் நடுவர்களுக்கு எலைட் பேனல் அமைத்தது; அது சரியான பயன்பாடு, உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று பட்டியலே இருக்கிறது. ‘10,000 ரன் எடுத்த எலைட் வரிசையில் சேர்ந்தார்’ என்பதும் சரி. ‘எலைட் கேட்ச்’ என்று யாரோ எழுதி அனுப்பினார்கள். எந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த கேட்ச்?

பிரிட்டிஷ்காரர்களின் குறைத்துச் சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிரிக்கெட் ஆங்கிலமே அதில் ஊறியது. ‘யூஸ்ஃபுல்’, ‘ஹேண்டி’, ‘டீசன்ட்’ என்ற சொற்களைப் பாருங்கள். அகராதியில் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு பழைய வர்ணனையாளர் ‘யூஸ்ஃபுல் கிரிக்கெட்டர்’ என்று இழுத்துச் சொன்னால் சில நேரம் அது பெரிய பாராட்டு. சில நேரம் ‘ஒப்பேற்றுவார்’ என்பதுதான். குரலை வைத்துத்தான் தெரியும். எழுத்தில் குரல் இல்லை, அதனால் நாம் எழுதும்போது நேர் அர்த்தத்தில் மட்டும் எழுத வேண்டும்.

அதற்கு எதிர்ப்பக்கம் ‘ஜெனுயின்’. கிரிக்கெட்டில் இந்தச் சொல்லின் எடை வெளியாட்களுக்குத் தெரியாது. ஜெனுயின் ஆல்ரவுண்டர் என்றால், பேட்டிங்கை மட்டும் பார்த்தாலும் அணியில் இடம், பந்துவீச்சை மட்டும் பார்த்தாலும் இடம். சோபர்ஸ் 8,032 டெஸ்ட் ரன், 235 விக்கெட். காலிஸ் 13,289 ரன், 292 விக்கெட். இந்த மாதிரி ஆட்களுக்கு முன்னால் எக்ஸலென்ட், ஃபென்டாஸ்டிக் எதுவும் தேவையில்லை. ஜெனுயின் என்று ஒரு சொல், பக்கத்தில் இரண்டு எண். ‘ஜெனுயின்லி குவிக்’ என்றாலும் அப்படித்தான்: வேகமாகப் போடுவதுபோல் காட்டுகிறவர் இல்லை, நிஜமாகவே வேகம்.

‘கிளாஸ்’ தனி ரகம். அது முடிவைச் சொல்வதில்லை, ஆடுகிற விதத்தைச் சொல்கிறது. 20 ரன்னில் அவுட் ஆனவரிடமும் கிளாஸ் தெரியலாம், அழுக்காக 120 எடுத்தவரிடம் தெரியாமலும் போகலாம். எதற்கும் அவசரப்படாமல், பந்து வருவதற்குள் அவருக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் கிடைத்தது போல ஆடுகிறவருக்கு அந்தச் சொல். இதைப் பொருளுக்குப் போட்டால் ‘கிளாஸி’ என்று ஆகி, உடனே பளபளப்பு, ஆடம்பரம் என்ற பக்கம் சாய்ந்துவிடும்.

‘விண்டேஜ்’ இன்னொரு பொறி. ‘பழைய, சிறந்த’ என்று நினைத்து இருபது வயதுக்காரருக்குப் போடுகிறார்கள். அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு உச்சக்காலம் நம் நினைவில் இருந்தால்தான் விண்டேஜ். 2017 ஆஸ்திரேலிய ஓப்பனில், ஆறு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு, 35 வயதில் வந்து ஃபெடரர் ஐந்து செட்டில் நடாலை வென்றாரே, அங்கே ‘விண்டேஜ் ஃபெடரர்’ என்று எழுதலாம். ‘புரோலிஃபிக்’ எண்ணிக்கைக்கு, நிறைய கோல் அடிக்கிறவர், அழகாக அடிக்க வேண்டியதில்லை. ‘லெஜன்ட்’ ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்ளலாமே, என்ன அவசரம்?

பெயரை ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துக் கால்பந்தே சாட்சி. 1992 வரை ஃபர்ஸ்ட் டிவிஷன்தான் உச்சம். பிரீமியர் லீக் வந்ததும் ஃபர்ஸ்ட் டிவிஷன் என்பது இரண்டாம் அடுக்குக்குப் பெயரானது. 2004இல் அதற்கு சாம்பியன்ஷிப் என்று பெயர் மாற்றினார்கள். அதற்குக் கீழே இருந்ததற்கு லீக் ஒன் என்று வைத்தார்கள். ஆக, லீக் ‘ஒன்’ மூன்றாம் அடுக்கு. புதிதாகப் பார்க்க வருகிறவரிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

விளம்பரவரி எழுதியது:

பொருள் பக்கத்தை நான் கொஞ்சம் பார்க்கிறேன். ஆன்லைன் கடைகளுக்குப் பொருள் விவரம் எழுதிக் கொடுப்பது என் வேலை.

‘ஃபிளாக்‌ஷிப்’ என்பது தளபதியின் கொடி பறக்கும் கப்பல். ஒரு நிறுவனத்துக்கு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். அது அந்த நிறுவனத்துக்குள் உச்சம் என்றுதான் சொல்கிறது, சந்தையிலேயே உச்சம் என்று சொல்லவில்லை. ‘டாப் ஆஃப் தி லைன்’ அதுவேதான், அந்த வரிசையில் மேலே உள்ளது. ‘ஹை எண்ட்’ விலையைச் சொல்கிறது. நான் சில மட்டமான ஹை எண்ட் ஹெட்போன்களுக்கு வரி எழுதியிருக்கிறேன், விற்றுப் போயின.

‘கோல்டு ஸ்டாண்டர்டு’ என்றால் மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்று பொருள். அளவுகோலாக இல்லாத பொருளுக்குப் போடக் கூடாது. ‘ஸ்டெர்லிங்’கும் உலோகத்திலிருந்து வந்ததே: ஸ்டெர்லிங் வெள்ளி 92.5 சதவீதம். அதைவிடச் சுத்தமான வெள்ளியும் உண்டு. அதனால்தானோ என்னவோ ‘ஸ்டெர்லிங் ஜாப்’ என்றால் மின்னுவது இல்லை, நம்பகமாகச் செய்து முடித்தது என்கிற தொனி. விக்கெட் கீப்பருக்கும் நடுக்களத் தடுப்பாளருக்கும் பொருந்தும்.

‘மிண்ட் கண்டிஷன்’ பழைய பொருளுக்கு மட்டும். நாணயச்சாலையிலிருந்து அப்போதுதான் வந்தது போல இருக்கிறது என்று பொருள். புதுப் பெட்டியைப் பிரித்துவிட்டு ‘மிண்ட் கண்டிஷன்’ என்று எழுதினால், இது செகண்ட் ஹேண்டா என்று வாங்குகிறவர் கேட்பார். கேட்டார்கள்.

ஒரு விஷயம் ஆளுக்கும் பொருளுக்கும் பொது: ‘பெர்ஃபெக்ட் டென்’. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியபோது, ஸ்கோர்போர்டில் 10.00 காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டியது. 2006இல் அந்தப் பத்து மதிப்பெண் முறையையே எடுத்துவிட்டார்கள். சொல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லைக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவு அனுப்ப வேண்டிய இரண்டு வரிகள் இவை. தமிழில் போடுகிறேன், சொற்கள் அப்படியே.

ஒன்று: ‘ஆறாவதாக இறங்கி 70 ரன் எடுத்து, 3 விக்கெட்டும் வீழ்த்திய இந்த எலைட், வேர்ல்டு கிளாஸ் ஆல்ரவுண்டர்...’

இரண்டு: ‘இந்த டாப் டிராயர் ரன்னிங் ஷூ...’

சிவப்புப்பேனா எழுதியது:

பந்துவீச்சுக்காக மட்டும் அவரை அணியில் எடுப்பார்களா?

எல்லைக்கோடு எழுதியது:

மாட்டார்கள். பேட்டிங்குக்கு எடுப்பார்கள்.

சிவப்புப்பேனா எழுதியது:

அப்படியானால் ‘பேட்டிங் ஆல்ரவுண்டர்’. இரண்டு பெயரடைகளையும் எடுத்துவிடுங்கள். அணி எத்தனைக்கு எத்தனை விக்கெட் போயிருந்தபோது இறங்கினார் என்பதைச் சேருங்கள். 90க்கு 5 என்றால் அந்த 70 தானே பேசும். 400க்கு 4 என்றால் எந்தப் பெயரடை போட்டும் காப்பாற்ற முடியாது.

ஷூ அந்த நிறுவனத்தின் விலை உயர்ந்த மாடலா?

எல்லைக்கோடு எழுதியது:

நடுத்தரம். ஆனால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். தையல் எங்கேயும் பிரியவில்லை, ஈரத் தரையில் வழுக்கவில்லை.

விளம்பரவரி எழுதியது:

‘வெல் மேட்’ என்று போட்டுவிட்டு, இப்போது எங்களிடம் சொன்ன அந்த இரண்டையும் அடுத்த வரியில் எழுதுங்கள். டாப் ஆஃப் தி லைன் எழுதினால் நிறுவனமே மறுக்கும், அவர்களுக்கு மேலே இன்னும் இரண்டு மாடல் விற்க வேண்டியிருக்கிறது.

எல்லைக்கோடு எழுதியது:

90க்கு 5 இல்லை, 112க்கு 5. சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று, இந்தக் கூட்டுச் சொற்களுக்கு நடுவில் சிறுகோடு போட வேண்டுமா?

சிவப்புப்பேனா எழுதியது:

ஃபர்ஸ்ட் ரேட், டாப் நாட்ச், வேர்ல்டு கிளாஸ் மூன்றுக்கும் எப்போதும் போடுங்கள். ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் மூன்று சிறுகோடுகள். தனியாகப் பெயர்ச்சொல்லாக நின்றால் ஒன்றும் வேண்டாம். உங்கள் தளத்துக்கு நடைக் கையேடு இருந்தால் அது சொல்வதுதான் சட்டம்.